கார்த்திகையில் வந்த கந்தக வாடை

தங்கபாய் வளவுக்கே சொறியை ஒட்டிவிட்டு ஓடிப்போனாளாம். சொல்கிறவர்கள் சொல்லட்டும். அதில் ஒருத்தராவது அந்த நாயின் காதைத் தொட்டுப் பார்த்ததுண்டா? அவள் ஓடவுமில்லை. பட்டப்பகலில் நடந்து போனாள்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுற்றும் கம்பெனியில் அவளுக்கு வேலை. புருஷன் தவறிய பிறகு முத்துராமலிங்கத்தின் வளவில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். அண்ணன் காசிராஜனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. தொண்ணூற்றொன்றில் அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய கினிப்பன்றி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். முயல் மாதிரி இருக்கும், ஆனால் காது சிறிது, வாலே கிடையாது. பஞ்சு என்று பெயர் வைத்தாள். சாயந்தரம் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே கீச்சுக் கீச்சென்று கூப்பிடும். அந்த அறையில் அவளைக் கூப்பிட வேறு யார் இருந்தார்கள்? வளவுக்காரர்களுக்கு அது வெறும் பெருச்சாளி.

மார்கழியில் பஞ்சுவுக்கு அரிப்பு வந்தது. கழுத்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தொட்டால் அலறியது. அதே வாரம் முத்துராமலிங்கத்தின் பெண்சாதி, வீட்டுக்காரி இருளம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, எங்க ராணி காதெல்லாம் பொருக்கா இருக்கு. ஓம் பெருச்சாளி ஒட்டிவிட்டதுதான் இது."

ராணி அவர்கள் வளர்த்த வெள்ளை நாய். விற்பதற்கு ஒரு மாதத்துக் குட்டிகள் நான்கு இருந்தன.

தங்கபாய் மறுநாளே லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். டாக்டர் தோலைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒரு ஊசியும் போட்டார்.

"இது இந்த எனத்துக்குன்னே உள்ள பூச்சிம்மா. வரும்போதே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். நாய்ச் சொறிக்கு வேற பூச்சி. கீழ விரிச்ச வைக்கோல எரிச்சிருங்க. பத்து நாள் கழிச்சு அடுத்த ஊசி. அந்த நாயையும் கூட்டிட்டு வாங்க."

இருளம்மாள் நம்பவில்லை. "டாக்டர் ஒனக்கு மாமன் மவனோ?" என்றாள். ராணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவுமில்லை. நாய் வளர்க்கிறவன் சொறி நாயோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றால், அந்த வீட்டுக் குட்டியை அப்புறம் எவன் எடுப்பான்?

அப்போதுதான் தங்கபாய்க்கு உறைத்தது. கார்த்திகையிலிருந்தே பக்கத்துச் சுவரைத் தாண்டி சொறிக்குப் பூசுகிற கந்தகமும் புங்கெண்ணெயும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது. இருளம்மாளின் கால் படைக்கு என்று நினைத்திருந்தாள். பஞ்சுவுக்கு அப்போது ஒரு முடிகூட உதிரவில்லையே. அன்றிலிருந்து குழாயடிக்குப் போனாலும் அறையைப் பூட்டிவிட்டுப் போனாள். இருளம்மாள் ஜன்னல் வழியே கூடையைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

பத்தாம் நாள் காலை, அவள் கூடையோடு கிளம்புகிற நேரம், சேத்தூர் சோலைச்சாமி குட்டி எடுக்க வந்தார். பட்டாளத்தில் இருந்தவர். குட்டியைவிட முதலில் தாயைத்தான் பார்த்தார். ராணி பளீரென்று நின்றது. காதைத் தடவினார். உள்ளங்கையெல்லாம் முகப்பவுடர்.

"என்ன முத்துராமலிங்கம், கல்யாணப் பொண்ணா இது?"

முத்துராமலிங்கம் தங்கபாயைக் கை காட்டினார். "இந்தா, இவ வளக்குற பெருச்சாளி ஒட்டிவிட்டதுண்ணே. நேத்து வந்தது."

"கார்த்திகையிலேருந்து கந்தகம் பூசுதீகளே அண்ணாச்சி, அது எந்தப் பெருச்சாளிக்கு?" என்றாள் தங்கபாய்.

சோலைச்சாமி கையைத் தட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் இருளம்மாள் தங்கபாயைப் பிடித்துக்கொண்டாள்.

"அதக் கொண்டுபோயி ஓடையில வீசிட்டு வா. இல்லன்னா வீட்டக் காலி பண்ணு."

தங்கபாய் உள்ளே போனாள். மாற்றுச் சேலை இரண்டும், பைபிளும், தட்டும் தம்ளரும் ஒரு பையில் அடங்கின. சாவியை இருளம்மாள் கையில் வைத்தாள்.

"பாத்திரம் பண்டத்துக்கு அண்ணன் வருவான். நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்க்கா. ராணியையும் குட்டிகளையும் குடுங்க, ஊசி போட்டு அனுப்புதேன். பாவம், தூங்காம சொறியுது."

"ஓஹோ, நாயக் களவாங்கத்தான் இம்புட்டு நாடகமா?" என்று இருளம்மாள் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

தங்கபாய் வெயில் படாமல் கூடைமேல் துணியை இழுத்துவிட்டு, வாசல்படி இறங்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.