கைப்பிடி உயரம்

செய்தி வந்தபோது காலை பத்து நாற்பது. நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணனின் அலுவலகப் பியூன்தான் கூப்பிட்டார். “மேடம், நம்ம அரை இஞ்சு சார்…” என்று ஆரம்பித்து போனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அந்த நேரத்திலும் பட்டப்பெயர்தான் வாயில் வந்தது என்று பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. அண்ணனின் சொந்தப் பெயரை அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

அண்ணன் கட்டட வரைபடம் வரைபவர். ஒரு கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க, கன்னத்தைத் தாளில் வைத்து ஒற்றைக் கண்ணால் கோட்டின் நீளத்துக்கும் பார்ப்பார். அன்று காலையும் மேஜையில் தலை சாய்ந்திருந்ததைப் பார்த்தவர்கள், கோடு பார்க்கிறார் என்று நினைத்துக் கிட்டப் போகவில்லை. உயிர் போய்க் கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

பட்டப்பெயர் வந்த கதை பழையது. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் கதவு அகலம் அரை இஞ்சு குறைந்தது என்று நிலையைப் பெயர்க்கச் சொல்லிவிட்டார். கான்ட்ராக்டர் கையை விரித்தார். “அரை இஞ்சுல என்ன சார் குடி முழுகிப் போகுது?”

“சக்கர நாற்காலியில வர்றவங்க விரல் முட்டியைக் கேளுய்யா, அது சொல்லும்.”

கதவு மாறியது. பெயர் நிலைத்தது.

அண்ணி தபால் அலுவலகத்தில் இருந்தவர். நாற்பது வயதில் முட்டிகள் இரண்டும் வீங்க ஆரம்பித்தன. பிறகு இடுப்பு. மருந்தோடு வெந்நீர்க் குளத்தில் நடக்கவும் வேண்டும் என்றார் டாக்டர். கூரைக்குள் இருக்கிற அப்படிப்பட்ட குளம் எங்களுக்கு அருகில் கிடையாது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். வாரம் இரண்டு முறை, நான்கு மாதம் அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீருக்குள் அண்ணி நன்றாகவே நடந்தார். “உள்ள இருக்கிற வரைக்கும் நான் பழைய ஆளுதான்” என்பார். இறங்குவதுதான் பிரச்சினை. இருந்தது செங்குத்தான இரும்பு ஏணி. இரண்டு பணியாளர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்குவார்கள்.

“மூட்டை மாதிரி இறக்குறாங்க. மூட்டைக்காவது கூச்சம் கிடையாது” என்று ஒருநாள் சொன்னார். அதோடு போவதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தார். எங்களுடையதோடு சேர்த்து இந்தப் பக்கம் மூன்று சிற்றூர்கள். ரயில் நிற்பதால் எங்களுடையது ஸ்டேஷன் ஊர். மற்றவை ஆலை ஊர், சந்தை ஊர். தனித்தனியாகக் குளம் கட்ட எந்த ஊருக்கும் தெம்பில்லை. மூன்றும் சேர்ந்தால் ஒரு பொழுதுபோக்கு மையமே கட்டலாம், அதற்குள் ஒரு நீச்சல் குளம் வைக்கலாம் என்று முதலில் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அனுமதி, குழு, கூட்டம் என்று ஒன்பது வருடம் ஓடியது. கூட்டம் மாதம் ஓர் ஊரில் நடக்கும். எங்கே நடக்கிறதோ அந்த ஊர்க்காரர்கள் அதிகம் வருவார்கள். போன மாதம் முடிவானது இந்த மாதம் கலையும். இடம் தேர்ந்தெடுக்கவே இரண்டு வருடம் ஆனது. கடைசியில் ஒரு பழைய செங்கல் சூளை கிடைத்தது. “மூணு ஊரும் ஒரே அளவுக்கு முணுமுணுக்குது, அப்ப இடம் சரிதான்” என்றார் அண்ணன்.

ஆலை ஊர் பந்தாட்டக் களம் கேட்டது. சந்தை ஊர் கூட்ட அரங்கு கேட்டது. நாங்கள் போட்டி நடத்துகிற அளவுக்கு நீளமான குளம் கேட்டோம். குளத்துக்குள் நடந்தே இறங்க ஒரு சாய்தளம் வேண்டும் என்று எந்த ஊரும் கேட்கவில்லை. அது படத்தில் இருந்தது, அவ்வளவுதான். அண்ணன் வரைந்து வைத்திருந்தார். யார் கேட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெண்டாட்டிக்காக ஊர்ச் சொத்தில் குளம் வெட்டுகிறான் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மொத்தத் திட்டமும் நாறிவிடும் என்று பயந்தார்.

போன வருடம் படம் பெரிதாகிவிட்டது, எதையாவது குறையுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வோர் ஊரும் விட்டுக்கொடுக்கிற ஒன்றை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. தன்னுடையதை யார் வெட்டுவார்கள்? அடுத்த ஊர் ஆசையாகக் கேட்டதை வெட்டினால் முகத்தில் முழிக்க முடியாது. ஒவ்வோர் ஊரும் யாருக்கும் வலிக்காத ஒன்றைத் தேடியது. உறைகளைப் பிரித்தார்கள். மூன்றிலும் சாய்தளம்.

குழுத் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். “ஒன்பது வருஷத்துல மூணு ஊரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்யா!” எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது அண்ணன். அதையும் அவரே எழுதினார்.

அன்று வீட்டில் நானும் இருந்தேன். விஷயம் தெரிந்ததும் அண்ணி கேட்டார், “அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“எழுதிட்டிருந்தேன்.”

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ?”

“உனக்காகன்னு எப்படிக் கேக்கறது?”

“எனக்காக ஏன் கேக்கணும்? இந்த மூணு ஊர்லயும் எனக்கு மட்டும்தான் முட்டி இருக்குதா?”

அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தரை துடைக்கிற கம்பின் துணியைக் கழற்றிவிட்டு, வெறும் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீடு வீடாகப் போனார். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மருந்துக்கடைகளில் விசாரித்துக்கொள்வார். கம்பை நட்டுப் பிடித்து, “சரிவுல இறங்குறதா நினைச்சுக்குங்க, கை எங்க வச்சா சுகமா இருக்கும்?” என்பார். கை வைத்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் ஊரின் முதல் எழுத்தும் ஓர் எண்ணும். சில ஞாயிறுகளில் நானும் போனேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு ஒரே சந்தோஷம். “முப்பத்தஞ்சு வருஷம் கம்பியைப் பிடிச்சே குப்பை கொட்டினவன் சார் நான். சரியான ஆளைத்தான் கேட்டீங்க. ரைட், ரைட், இன்னும் கொஞ்சம் கீழே… ஹோல்டான்!” மின்கம்பத்திலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் கோடு போட்ட பிறகும் கம்பை விடாமல் நின்றார். “நெஜமாவே கட்டுவாங்களா சார்?” அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். “அளவு இருக்கு. அதை வச்சு சண்டை போடலாம்” என்றார்.

நாற்பத்தொரு கோடுகள் சேர்ந்ததும் கம்பை ஆலை ஊர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். மேஜை மேல் வைத்தார். ஆளாளுக்குத் திருப்பிப் பார்த்தார்கள். ஆலை ஊர் உறுப்பினர் ஒரு கோட்டில் விரலை வைத்து, “பதினேழு யாரு?” என்று கேட்டார்.

“உங்கம்மா.”

சாய்தளம் படத்துக்குள் திரும்பி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: எல்லா அளவுகளும் நிரப்பிய படம் மாதக் கடைசிக்குள் தலைமைப் பொறியாளர் கைக்குப் போக வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சாய்தளம் இல்லாமலே வேலை தொடங்கிவிடும்.

எல்லா அளவையும் போட்டுவிட்டார். கைப்பிடி உயரத்தை மட்டும் பாக்கி வைத்திருந்தார். நாற்பத்திரண்டாவது கோடு அண்ணியுடையது. அதையும் சேர்த்துத்தான் கணக்கிடுவேன் என்றார். அந்த ஞாயிறு அண்ணியின் முட்டிகள் பந்து மாதிரி வீங்கியிருந்தன.

“இன்னிக்கு நிக்க முடியாதுங்க. நீங்களே ஒரு நம்பர் போடுங்க. இருபத்தெட்டு வருஷம் பக்கத்துல நிக்கிறீங்க, என் கை எங்க வரும்னு தெரியாதா?”

“தெரியும். ஆனா அளக்கலையே.”

“சரியான அரை இஞ்சு! வியாழக்கிழமை நிக்கிறேன், போதுமா?”

புதன்கிழமை அந்த போன் வந்தது.

அவர் மேஜையில் இப்போது வேலை பார்க்கும் உதவிப் பொறியாளர், சின்னப் பெண், நேற்று படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். “அக்கா, வழக்கமா எல்லாரும் தொண்ணூறு சென்டிமீட்டர்தான் போடுவாங்க. நானும் அதையே போட்டுடட்டுமா?” அண்ணி காலியாக இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார். “அளக்காம போட்டா அவர் மேஜையில உனக்கு உக்கார மனசு வராது, கண்ணு” என்றார். அவள் படத்தை வைத்துவிட்டு, கெடு நாளில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனாள்.

இன்று மாலை அண்ணி நின்றார். நான் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் இடுப்பைத் தாங்கிக்கொண்டேன். கம்பு சுவரோரம் சாய்ந்திருந்தது. அண்ணி கையை நீட்டி அதைப் பிடித்தார். சுகமான இடத்தைத் தேடி உள்ளங்கை மேலே போய், கீழே வந்து, ஓரிடத்தில் நின்றது. “இங்கதான். போடு” என்றார். பென்சில் மேஜை மேல் இருந்தது. கையை எடுத்தால் அவர் விழுந்துவிடுவார். நான் எடுக்கவில்லை. பத்து எண்ணுவதற்குள் அவர் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. உட்கார வைத்தேன். இரண்டு பேரும் கம்பைப் பார்த்தோம். அது எந்த இடம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

கம்பில் நாற்பத்தொரு கோடுகள் இருக்கின்றன. படத்தில் கைப்பிடி உயரம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்.