உட்காரத் தெரியாத ஷவர்க்காரர்

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பார். ஒரு கால் தரையில் இருக்கும், இன்னொரு கால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிடும்போதுகூட முழங்கால் ஆடும். மேஜைமேல் டம்ளரில் இருக்கிற தண்ணீரும் கூடச் சேர்ந்து ஆடும். அந்தக் காலைக் கொஞ்சம் கட்டிப் போடுங்களேன் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

ஷவரும் குளியல் தொட்டியும்தான் அவர் தொழில். மாட்டுவார், கழற்றுவார், ஒழுக்கை நிறுத்துவார். சமையலறைக் குழாயைத் தொட மாட்டார், அது வேறு ஆள் வேலை என்பார். குழாய்ச் சாமான் விற்கிற கடைக்காரர் அவருக்கு 'ரெண்டாம் நாள்' என்று பெயர் வைத்திருக்கிறார். எந்த வீட்டில் வேலை முடித்தாலும் மறுநாள் யாரும் கூப்பிடாமலே அங்கே போய் நிற்பார், அதனால் வந்த பெயர். கை துடைக்கிற மெல்லிய காகிதம் ஒன்றைக் குழாய் இணைப்புக்குக் கீழே விரித்து வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். காகிதத்தில் பொட்டு ஈரம்கூட இல்லை என்றால்தான் கிளம்புவார். சிலர் காபி குடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் கதவைத் திறப்பதே இல்லை. அவருக்கு அதெல்லாம் உறைக்காது.

புதுத் தொட்டி மாட்டுகிற நாளில் கேட்கவே வேண்டாம். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கைப் பசை வைத்து அடைக்க வேண்டும். மற்றவர்கள் வெறும் தொட்டியிலேயே பூசிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவிட்டு, அந்தப் பாரத்தில் தொட்டி ஒரு நூல் கீழே இறங்கிய பிறகுதான் பூசுவார். பசை காய்கிற வரைக்கும் தண்ணீரை இறக்க விட மாட்டார். ஒரு வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் எங்க குளியலறையில் குடியேறிவிட்டாரா என்று கேட்டார். வாடகை கேளுங்கள் என்றேன்.

உறவுக்காரர் வீடுகளில் இன்னும் மோசம். எல்லோரும் கூடத்தில் பேசிக்கொண்டிருப்போம், இவரைக் காணோம். தேடிப் போனால் குளியலறைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். என் அண்ணிக்கு அது பழகிவிட்டது. இவர் வருகிறார் என்றால் முதலில் குளியலறையைத்தான் கழுவி வைக்கிறாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்ளலாம். எங்கள் மகள் விஷயத்தில்தான் என்னால் சிரிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் மேடை ஏறுகிற நாளாகப் பார்த்து இவருக்கு ஏதாவது ஒரு வீட்டுக் குழாய் ஞாபகம் வந்துவிடும். ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவார். பிள்ளை மேடையிலிருந்து பார்க்கும்போது எனக்குப் பக்கத்தில் காலி நாற்காலி இருக்கும். வீடு திரும்பியதும், என்ன ஆயிற்று என்று கேட்பேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டுவார். எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கிறது, வீண் அலைச்சல் என்று நானே முடிவு கட்டிக்கொள்வேன். பிறகு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

மகள் நர்ஸ் படிப்பை முடித்தாள். சான்றிதழ் கொடுக்கிற விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"அப்பா, என் பேரைக் கூப்பிடும்போது நீங்க அந்தச் சீட்டுல இருக்கணும். இல்லேன்னா இனிமே எதுக்கும் உங்களைக் கூப்பிட மாட்டேன்."

இருக்கிறேன் என்றார். அவள் எழுந்து போன பிறகும் அதையே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

விழா மூன்றரை மணிக்கு. அன்று காலையில் வேலை வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். சின்ன வேலைதான், பத்து நிமிஷம் என்று கிளம்பிவிட்டார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வீடு. தொட்டிக்கு மேலே வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து விடுகிற மிக்ஸர் குழாய் கெட்டுப் போயிருந்தது. அதன் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் வெந்நீர், வலது பக்கம் தள்ளினால் பச்சைத் தண்ணீர். அதற்குள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற, கார்ட்ரிட்ஜ் என்கிற கட்டையை மாற்றிவிட்டு மத்தியானம் வந்தார், குளித்தார், என்றைக்கோ இஸ்திரி போட்டு வைத்த சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் ஒழுங்காகத்தான் வந்தார்.

அரங்கத்தில் எங்களுக்கு நான்காவது வரிசை. விளக்கேற்றி வரவேற்புரை ஆரம்பித்ததுமே என் நாற்காலி அதிர ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் அவருடைய முழங்கால். முகம் வெளுத்துப் போயிருந்தது. என் காதருகே குனிந்து, கட்டையைத் திருப்பி வைத்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார்.

அந்தக் கட்டையை எப்படி வைத்தாலும் உட்கார்ந்துவிடுமாம். தலைமாற்றி வைத்துவிட்டால் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் வெந்நீர் வரும். தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்தான். ஆனால் அந்தக் கட்டிடத்தில் மேல்தொட்டி கழுவுகிறார்கள், நாலு மணிக்குத்தான் தண்ணீர் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் தொடாதீர்கள் என்று தபால்காரரிடம் சொன்னாராம். சொன்னோமா, சொல்ல நினைத்தோமா என்று இப்போது அதுவும் சந்தேகம்.

"தொட்டா என்ன? சுட்டா கையை எடுத்துக்கப் போறார்," என்றேன்.

"அவருக்குச் சர்க்கரை. கால் ரெண்டும் மரத்துப் போச்சு. தினம் சாயந்திரம் தொட்டியில காலைப் போட்டு உட்காருவார். கால்ல வெந்நீரே படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதனால கைப்பிடியை ஒரேயடியா வலது பக்கம் தள்ளித்தான் திறப்பார். வெந்தாலும் தெரியாது அவருக்கு."

போன் போடுங்கள் என்றேன். ஏற்கெனவே ஆறு தடவை போட்டிருக்கிறார். எடுக்கவில்லை. கூட இருக்கிற மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருப்பார்கள், எண் தெரியாது. மணி மூன்று ஐம்பது. இவர் எழுந்திருக்கத் தயாராக நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். மேடைக்குப் பக்கவாட்டில் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கிற பெண்களில் எங்கள் மகளும் நின்றாள். அவள் கண் எங்கள் வரிசையில்தான் இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். நீங்கள் அசையக் கூடாது, நான் போகிறேன் என்றேன். உனக்கு என்ன தெரியும் என்றார். குழாயைத் திறந்து கையை வைக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அத்தனை விழாவிலும் முழுசாக உட்கார்ந்திருந்தவள் நான். இன்றைக்குப் போய் நான் பார்க்க முடியாது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓடினேன்.

மூன்று நிறுத்தம்தான். ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் நின்றது. நானும் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

தபால்காரர் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டினேன், பதில் இல்லை. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் போனேன். குளியலறையில் பெரியவர் ஒருவர் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வெளியேதான் இருந்தன. தொட்டியில் அடைப்பு போட்டிருந்தது, தண்ணீர் இப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது. நான் இன்னாருடைய மனைவி என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவர் பதறவில்லை.

"நாளைக்கு வரேன், தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தாம்மா போனார். நான் ஒத்துக்கிட்டேன், என் கால் ஒத்துக்கலை," என்றார். போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஊரார் வீட்டு மணியை அடித்தவன், இப்போது எது அடித்தாலும் எழுந்திருப்பதில்லை என்று சிரித்தார்.

கைப்பிடி வலது பக்கக் கடைசியில் இருந்தது. விழுகிற தண்ணீரில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. இதற்காகவா என் பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்தேன்? இப்போது கிளம்பினால்கூட அவள் பேர் கூப்பிடுவதற்குள் போய்விடலாம். சரி ஐயா, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டேன்.

அங்கே நின்றேன். வெந்நீர் போடுகிற கீஸர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சமையலறைக்கு அந்தப் பக்கம் என்றார். அவ்வளவு நீளக் குழாயில் தேங்கி நிற்கிற தண்ணீர் முழுக்க ஆறிப்போன தண்ணீர்தானே. அது வடிந்து முடிகிற வரைக்கும் எந்தப் பக்கம் திறந்தாலும் சில்லென்றுதான் வரும். இவர் ஒவ்வொரு வீட்டிலும் குழாயைத் திறந்துவிட்டு மரம் மாதிரி நிற்பதை நான் எத்தனை கேலி செய்திருப்பேன். திரும்பப் போய், காலை உள்ளே விடாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி கையை வைத்தேன். எண்ண ஆரம்பித்தேன். நாற்பது வரை சில்லென்று. ஐம்பதில் வெதுவெதுப்பு. அறுபத்தெட்டில் கையை உதறி எடுத்தேன். புறங்கை முழுக்கச் சிவந்துவிட்டது. தொட்டியிலிருந்து ஆவி கிளம்பியது.

பெரியவர் என் கையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுருட்டியிருந்த பேண்ட்டை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

குழாயை மூடினேன். தொட்டிக்குப் போகிற வெந்நீர் வால்வையும் திருகி அடைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, மகன் வருகிற வரைக்கும் இவரோடு இருக்கச் சொன்னேன். என் போனில் என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரே கேள்வி ஒன்பது தடவை வந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்துவிடுவார். எல்லாம் சரியாக இருக்கிறது, உட்காருங்கள் என்று அனுப்பினேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

நான் போய்ச் சேர்ந்தபோது விழா முடிந்துவிட்டது. வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். மகள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அப்பா அசையவே இல்லை அம்மா, நான் கீழே இறங்குகிற வரைக்கும் கை தட்டினார் என்றாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. என் கையைப் பிடித்துக் குலுக்கப் போனவள் நிறுத்தினாள். நர்ஸ் கண்ணல்லவா. புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படி வந்துச்சு?"

மறைக்கத் தெரியவில்லை எனக்கு. நடந்ததைச் சொன்னேன். பெரியவர் காலில் ஒன்றும் படவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். இவர் அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முழுசாக உட்கார்ந்தார். கால் ஆடவில்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"ஏன் சரியா இருக்குன்னு சொன்னே?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்லியிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பீங்க. இத்தனை வருஷம் ஓடினீங்களே, ஒரு தடவையாவது தப்பா இருந்திருக்கா? இன்னிக்குத்தானே."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள், வெள்ளை உடுப்பு அழுக்காகுமே என்றுகூடப் பார்க்கவில்லை.

"அப்பா, எத்தனை வீட்ல தப்பா இருந்துச்சு?"

"நாலு," என்றார்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அவளும் என்னை மாதிரி ஆயிடுவா. வீட்ல ஒருத்தராவது நிம்மதியா சாப்பிடணும்ல." கையைப் பிசைந்துகொண்டார். "நீ ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்கினியே, அன்னிக்கு ஒரு வீடு. கைக்குழந்தையைக் குளிப்பாட்டத் துணியெல்லாம் கழட்டி வெச்சிருந்தாங்க. கொதிக்கிற தண்ணி வந்துக்கிட்டிருந்த குழாயை நான் போய் மூடினேன். உன் கப்பைப் பார்க்கணும்னுதான் திரும்பி ஓடி வந்தேன். மைதானத்துல யாருமே இல்லை."

அன்றைக்கு இவரை நான் என்னென்ன கேட்டேன் என்பது எனக்கு வரி வரியாகத் தெரியும். பிள்ளையைவிடக் குழாய் பெரிதா என்று, அவள் காதில் விழுகிற மாதிரி கேட்டேன். அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மகள் எழுந்தாள். கையிலிருந்த சான்றிதழை என்னிடம் கொடுத்தாள். அப்பாவின் தோளைத் தொட்டு, எழுந்திருங்கள் என்றாள்.

"இப்பவே போய் அந்தக் கட்டையைத் திருப்பி வெச்சுட்டு வந்துடுவோம். நானும் வரேன். அவர் காலை நான் ஒரு தடவை பார்க்கணும்."

இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.