நாராயணம்மா எடுத்துப் போட்ட கல்

கங்கப்பன் என் தங்கை மகன். தங்கை பூவம்மாளை அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் கட்டிக் கொடுத்தோம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வெங்கடப்பன், இளையவன் கங்கப்பன். இளையவனுக்குப் பெண் எடுத்ததும் எங்கள் வீட்டு வழியில்தான். என் மனைவியின் தங்கை மகள் நாராயணம்மா. ஆகவே மாப்பிள்ளையும் என் பிள்ளை, பெண்ணும் என் பிள்ளை. இரண்டு பேரும் சண்டை போட்டால் இரண்டு பேரும் எனக்குத்தான் போன் போடுவார்கள். அதில் முக்கால்வாசிச் சண்டை அந்தப் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளால் வந்தது.

அந்த வண்டி முதலில் வெங்கடப்பனுடையது. அவர்கள் ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. ஊர்ப் பாலையெல்லாம் கேனில் ஊற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவான். பாதை என்று பேர்தான். பாறையும் ஓடையுமாகக் கிடக்கும். காலைத் தரையில் ஊன்றினால் வண்டி ஒரு பக்கம் சாயும், பால் தளும்பும். அதனால் கால் ஊன்றாமலே ஓட்டப் பழகிக்கொண்டான். பின்னால் கேனைக் கட்டிப் பிடித்தபடி கங்கப்பன் உட்கார்ந்திருப்பான். பாறை மேல் வண்டி ஆடு ஏறுவதுபோல ஏறும்.

பிறகு ஒரு நாள் தேன்கனிக்கோட்டை ரோட்டில் லாரி இடித்தது. உயிர் பிழைத்தான், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்று வண்டியில் போகவில்லை, நடந்து போயிருந்தான். அதை அவனே சொல்லிச் சிரிப்பான். வண்டியைத் தம்பியிடம் கொடுத்து, “துரு புடிக்க உடாதடா, ஓட்டிகினே இரு” என்றான்.

கங்கப்பன் ஓசூரில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். மத்திகிரியில் வாடகை வீடு. வாரம் ஆறு நாள் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். எங்கே என்றால், பழைய வண்டிக்காரர்கள் கூடுகிற இடத்துக்கு. யெஸ்டி, ராஜ்தூத், புல்லட் என்று அப்பன் காலத்து வண்டிகளையெல்லாம் கொண்டு வருவார்கள். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலிருந்துகூட ஆள் வருவார்கள். அவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு ட்ரயல் என்று பேர்.

அது ரேஸ் இல்லை. நான்கூட முதலில் ரேஸ் என்றுதான் நினைத்து, எலும்பை முறித்துக்கொள்ளப் போகிறானே என்று பயந்தேன். வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. பாறையும் கல்லுமாக உள்ள இடத்தில் இரண்டு பக்கமும் நாடா கட்டி வழி விடுவார்கள். அதற்கு செக்ஷன் என்று சொல்கிறார்கள். கால் தரையில் படாமல் அதைக் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் பட்டால் ஒரு மார்க். வண்டி நின்றுவிட்டாலோ விழுந்தாலோ அஞ்சு மார்க். யார் குறைவாக வாங்குகிறானோ அவன் ஜெயித்தவன். ஒவ்வொரு செக்ஷனிலும் கால் பட்டதா என்று பார்க்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் சொன்னதுதான் சொல்.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒருத்தன் விழுந்தால் போட்டிக்காரன்தான் முதலில் ஓடுவான். ஒருத்தனிடம் கேபிள் இல்லையென்றால் இன்னொருத்தன் தன் வண்டியிலிருந்தே கழற்றிக் கொடுப்பான். சுரேந்தர் என்று ஒரு பையன் உண்டு. கங்கப்பனைவிடப் பதினைந்து வயது இளையவன், வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர், ராஜ்தூத் வைத்திருக்கிறான். கங்கப்பனுக்கு எதிராக நிற்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுவார்கள்.

வருஷத்துக்கு ஒரு பெரிய ட்ரயல். அதில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவன் எந்த ஊரைச் சொல்கிறானோ, அடுத்த வருஷம் அந்த ஊரில்தான் ஆட்டம். கோப்பை எல்லாம் சும்மா. இதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

கங்கப்பனுக்கு ஒரே ஆசை. ஒரு தடவை ஜெயித்து, ஆட்டத்தை அஞ்செட்டி மலைக்குக் கொண்டுபோக வேண்டும். வெங்கடப்பன் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே பெரிய பாறைச் சரிவு இருக்கிறது. அவன் பால் கேனோடு இறங்கிய அதே பாறை. அண்ணன் வாசலிலிருந்தே பார்க்க வேண்டும் என்பான்.

“அண்ணனைக் கார்ல கூட்டிட்டுப் போயிடேன்டா” என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

“கூப்ட்டுப் பாத்துட்டன் மாமா. ‘என்னைத் தூக்கிட்டுப் போயி நாலு பேருக்கு வேடிக்க காட்டப் போறியா’ன்னு கேக்கறாரு. வாசலத் தாண்ட மாட்டாராம். அதான், அவரு வரலன்னா ஆட்டம் அவருகிட்டப் போவட்டும்.”

போன வருஷம் தொரப்பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறைக்காட்டில் ட்ரயல். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நாராயணம்மாவும் வந்தாள். களி உருண்டையும் கொள்ளுக் குழம்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“ஜெயிச்சா மாமா ஊட்டுக்கு ஆட்டம் வருமாமே பெரியப்பா. நான் நேர்ல பாக்கணும்” என்றாள். வெங்கடப்பனைத்தான் அவள் மாமா என்பாள்.

மத்தியானம் வரை ஒவ்வொரு செக்ஷனாகப் பின்னாலேயே நடந்தாள். கங்கப்பன் அன்றைக்கு என்னமோ தண்ணீர் ஓடுவதுபோல ஓட்டினான். கடைசிச் செக்ஷனுக்கு வரும்போது அவனும் சுரேந்தரும் சமமாக நின்றார்கள். மற்றவர்களெல்லாம் பின்தங்கிவிட்டார்கள்.

கடைசிச் செக்ஷனில் இரண்டு பெரிய பாறைக்கு நடுவே குறுகலான ஏற்றம். அந்த இடுக்கில் தேங்காய் அளவுக்கு ஒரு கல் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. வண்டிச் சக்கரம் அதன் மேல்தான் ஏறியாக வேண்டும். முதலில் சுரேந்தர் போனான். கல் ஆடியது, முன்சக்கரம் வழுக்கியது, கால் இரண்டு தடவை தரையில் பட்டது.

மேலே போய் வண்டியை நிறுத்தினவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். எதற்கு? போட்டிக்காரனுக்கு வழி சொல்ல.

“அண்ணா, அந்தக் கல்லு எடப் பக்கமா ஆடுது. எறும்புப் புத்து ஓரமா, கல்லோட வலப் பக்கத்துல ஏத்துங்க. இல்லன்னா ஆளத் தள்ளிடும்.”

“ஏன்டா, ஜெயிக்க ஆச இல்லியா உனக்கு?”

“இருக்குண்ணா. கல்லு உங்களத் தள்ளி உட்டு ஜெயிச்சா கல்லுதான ஜெயிச்சாப்ல?”

நாராயணம்மா பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பெங்களூர்க்காரர் ஒருவர் வண்டி பழுதாகிவிட, அதைப் பார்க்க எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். நான் புங்க மரத்தடியில் காலை நீட்டிவிட்டேன். அந்தச் செக்ஷனைப் பார்க்க வேண்டிய ராமப்பன், மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு வாய் டீக்காகக் கீழே இறங்கினார்.

கேழ்வரகுக் காட்டில் பிறந்து வளர்ந்த பெண் நாராயணம்மா. ஏர் போவதற்கு முன்னால் கல் பொறுக்கிய கை. நடக்கிற வழியில் கல் கிடந்தால் எடுத்து வரப்போரம் போடாமல் அவளால் போக முடியாது. ஆளைத் தள்ளுகிற கல் என்று இத்தனை பேருக்கும் தெரிகிறது, ஒருத்தனுக்கும் குனிந்து எடுக்கத் தோன்றவில்லையே என்று நினைத்திருக்கிறாள். போய்ப் பிடுங்கி, நாடாவுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டாள்.

ராமப்பன் திரும்பி வந்து உட்கார்ந்தார். கங்கப்பன் வண்டியை உதைத்தான். நின்றபடியே ஓட்டுகிறவன், முழங்காலை மடக்கி, எறும்புப் புற்றை ஒட்டி வலப் பக்கம் பிடித்து ஏறினான். மேலே போகிற வரை கால் படவில்லை. கூட்டம் கை தட்டியது. “சக்கத் குரு!” என்று பெங்களூர்க்காரர் கன்னடத்தில் பாராட்டிக் கத்தினார். சுரேந்தர் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கங்கப்பன் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே கீழே வந்தான். இடுக்கில் குனிந்து பார்த்தான். கல் இருந்த இடத்தில் ஈரமண் குழி. நிமிர்ந்து ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தான். நாராயணம்மா முகம் மலர்ந்து நின்றாள். அவள் விரலெல்லாம் செம்மண்.

“இங்க இருந்த கல்லு எங்கம்மே?”

“நான்தான் எடுத்துப் போட்டன். அது தள்ளுதுன்னு அந்தத் தம்பி சொல்லுச்சில்ல?”

அவன் கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பார்த்தான். அவன் மனசில் அஞ்செட்டிப் பாறை ஓடியிருக்கும். பிறகு ராமப்பனிடம் திரும்பினான்.

“கல்லு வரும் வரும்னு பாத்துகினே ஏறினன்ணா, வரல. என் வூட்டுக்காரி எடுத்துட்டா. எனக்கு அஞ்சு போடு.”

செக்ஷனில் கிடக்கிற கல்லை ஓட்டுகிறவனோ அவனைச் சேர்ந்தவர்களோ தொடக்கூடாது, தொட்டால் அஞ்சு. அது அவர்கள் சட்டம். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

“கல்ல எடுத்தது நானு. எனக்குப் போடுங்க அஞ்சு! அவுரு இன்னா பண்ணாரு?” என்று நாராயணம்மா முன்னால் வந்து நின்றாள்.

“உனக்குப் போட உங்கிட்ட வண்டி இல்லியே தாயி” என்றார் ராமப்பன். சிலர் சிரித்தார்கள். அவருக்கே தான் எழுந்து போனது உறுத்தியது போலிருக்கிறது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

சுரேந்தர்தான் விடவில்லை. “கல்லத் திரும்ப வெச்சிரலாம். அண்ணன் இன்னொரு வாட்டி ஏத்தட்டும். அவ்ளோதான?”

“அது எப்பிடிடா? அந்த ஏத்தத்த நான் ஒரு வாட்டி சும்மா ஓட்டிப் பாத்துட்டன். எங்க புடி கெடைக்குது, எங்க திருப்பணும்னு தெரிஞ்சி போச்சி. நீ ஓட்டிப் பாத்தியா?”

“எனக்கு வேணாம்ணா இந்த ஜெயிப்பு.”

“உனக்கு வேணுமா வேணாமான்னு யாரு கேட்டாங்க? ரெண்டுக்கு அஞ்சு. நீதான்.”

சாயங்காலம் ஊர் சொல்லும்போது சுரேந்தர் எழுந்து அஞ்செட்டி என்று ஆரம்பித்தான். கங்கப்பன் பாதியிலேயே அதட்டினான். “ரெண்டு வருசமா ‘சூளகிரி, எங்கம்மா ஊரு’ன்னு எங்காதக் கடிச்சல்ல? ஜெயிச்சவன் ஊரு. பிச்ச போடாத.” சுரேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூளகிரி என்றான்.

பஸ்ஸில் நாராயணம்மா மத்திகிரி வரை தூக்கை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, “மாமா வாசலுக்கு வரவேண்டிய ஆட்டத்த நானே தூக்கி எறிஞ்சிட்டன் பெரியப்பா” என்றாள். தூக்கில் களி அப்படியே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து நாங்கள் அஞ்செட்டிக்குப் போனோம். சுரேந்தரும் வந்தான். வெங்கடப்பன் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தான். நாராயணம்மா அவன் எதிரில் நின்று, யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அழுதாள். வெங்கடப்பன் சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வருகிற வரை சிரித்தான்.

“கல்லு பொறுக்கறவள ட்ரயலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான் பாரு எந்தம்பி!”

சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். “அது சரி, செக்ஷனப் பாக்க வேண்டியவன் அந்நேரம் எங்க போனான்?”

“டீ குடிக்க” என்றான் கங்கப்பன்.

“செக்ஷன உட்டுட்டா? அவன் உக்காந்திருந்தா இவ கல்லத் தொட்டிருப்பாளா? ‘ஏம்மா, கீழ வை’ன்னு ஒரு வார்த்த போதாதா? கண்ணு அங்கயே இருக்க வேணாமா?” முகம் சிவந்துவிட்டது. லாரி இடித்ததற்குக்கூட அவன் இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

சுரேந்தர் மெதுவாகச் சொன்னான். “ஆளு கெடைக்கறதில்லண்ணா. வர்றவங்க எல்லாருக்கும் ஓட்டத்தான் ஆச. காலைலருந்து பொழுது சாயறவரைக்கும் ஒரே எடத்துல உக்காந்து பாக்கறதுக்கு யாரும் வர்றதில்ல.”

வெங்கடப்பன் அவனை உற்றுப் பார்த்தான்.

“ஒரே எடத்துல உக்கார்றதுக்கா ஆளில்லங்கற? இத்தன வருசமா நான் வேற இன்னாடா செய்றன்?”

சுரேந்தர்தான் கேட்டான். “அப்ப வர்றீங்களாண்ணா? வேடிக்கைக்கு இல்ல. வேலைக்கு.”

“சோறு போடுவீங்களா?”

“போடுவோம்.”

“டீ?”

“உக்காந்த எடத்துக்கே வரும்.”

“அப்ப வர்றன்” என்றான் வெங்கடப்பன்.

இந்த வருஷம் சூளகிரியில் ட்ரயல் நடந்தது. வெங்கடப்பனை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி, கடைசிச் செக்ஷனுக்கு எதிரே தட்டைப் பாறையில் வைத்தார்கள். “ஆட்டாதீங்கடா, பால் கேனா நானு!” என்று வழியெல்லாம் அதட்டினான். காலையிலிருந்து அந்தப் பாறை ஏற்றத்தை விட்டு அவன் கண் எடுக்கவில்லை. பக்கத்தில் நாராயணம்மா, கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை ஏதோ குச்சி கிடக்கிறது என்று குனியப் போனாள். “ஏம்மா!” என்றான். கை உள்ளே போய்விட்டது.

பொழுது சாயும் நேரம் கங்கப்பனின் யெஸ்டி வந்தது. அண்ணன் வாங்கின வண்டி, அண்ணன் கண் எதிரே பாறை மேல் ஏறியது. பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் கொஞ்சம் சறுக்கியது. இடது கால் வெளியே வந்து, தரையைத் தொட்டதா இல்லையா என்று தெரிவதற்குள் உள்ளே போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. சுரேந்தருக்கும் தெரியவில்லை, அவன் கை தட்டக் கையைத் தூக்கிவிட்டான்.

“டேய் கங்கா! ஒண்ணு!”

மேலே போய் நின்ற கங்கப்பன் திரும்பிக் கத்தினான். “அண்ணா, படலண்ணா!”

“பட்டுச்சு. தூசி கெளம்புச்சு.”

“கட்ட வெரல்தாண்ணா!”

“கட்ட வெரலு கால்ல இல்லாம கழுத்துலயா இருக்குது? ஒண்ணுதான்.”

கங்கப்பன் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அழுகிறானோ என்று பார்த்தேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஒண்ணால் அவன் இரண்டாவது வந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெங்கடப்பன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கீழே பார்த்துக் கையை ஆட்டினான்.

“அடுத்த வண்டி வரட்டும்!”