டிப்போவில் சுற்றிய சீட்டு

நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கிருமியைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டாள் என்று விடுதி முழுக்கப் பேச்சு. சாப்பாட்டுக் கூடத்தில் மயக்கமாக இருந்தது, துணி காயப்போடும் மாடிக்கு ஏறுவதற்குள் வலிப்பாகியிருந்தது. நோய்த்தொற்றுப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள் என்பதால் தோழிகளுக்குக் கூடுதல் அக்கறை. பரிசோதனைக் கூட உதவியாளரை விசாரித்தால் கதை வேறு.

"மயக்கமெல்லாம் இல்லைங்க. தட்டைப் பாத்துச்சு, அப்படியே தரையில உக்காந்துடுச்சு. ஸ்டூல் குடுத்தேன், வேணாம்னுடுச்சு."

தட்டு என்றால் கிருமி வளர்க்கும் தட்டு. அதன்மேல் ஆன்டிபயாடிக் தோய்த்த ஆறு சின்ன வட்டக் காகிதங்கள். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி காகிதத்தைச் சுற்றி ஒதுங்கி வழிவிடும். இதில் ஐந்து காகிதங்களை ஒட்டி உரசிக்கொண்டு, மாமியார் வீட்டு மாப்பிள்ளை போலக் கிருமி சம்மணமிட்டிருந்தது. ஆறாவதைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடைவெளி.

தட்டில் இருந்த எண் அவள் கையாலேயே ஒட்டியது. மூன்றாம் வார்டு, பதினேழாம் படுக்கை. அங்கே சிறுநீர்த் தொற்று கிட்னிவரை ஏறி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவள் அவளுடைய அக்கா. பஸ் கண்டக்டர். இவளுக்குப் படிப்புச் செலவு செய்கிறவள்.

எழுந்து நேரே வார்டுக்குப் போனாள்.

"அக்கா, முன்னாடி என்ன மாத்திரை போட்ட?"

"எரிஞ்சா போடுவேன், நின்னா நிறுத்திடுவேன். ரூட்ல பாத்ரூம் எங்கடி இருக்கு? தண்ணி குடிக்காமலே பொழுத ஓட்டுறதுல மாசம் ஒருதரம் வந்துடுது."

"யாரு எழுதிக் குடுத்தா?"

"என்னடி கேள்வி. நீதான்."

கண்டக்டர் பையிலிருந்து ஒரு பழைய டிக்கெட் வந்தது, கிழியாமலிருக்க டேப் ஒட்டியது. முதலாண்டு விடுமுறையில், அரைகுறைப் படிப்பின் பெருமையில், அவள் பின்பக்கம் எழுதிய மாத்திரைப் பெயர். எத்தனை நாள் போடவேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. 'பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?' என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய அதே கை.

"டிப்போவுல எல்லாரும் இதைக் காட்டித்தான் வாங்குறோம். டிரைவர் அண்ணன் இருமலுக்கு, டைம்கீப்பர் பல்வலிக்கு. உன் கையெழுத்துக்கு அங்க தனி மரியாதைடி."

அவள் டிக்கெட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆறாவது மருந்து ஊசியாகத்தான் கிடைக்கும். பத்து நாள், காலையும் மாலையும். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அக்கா கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள்.

"சரியாப் போச்சு. ஊசி போதும், டியூட்டிக்குப் போறேன்."

தங்கை குனிந்து அக்காவின் செருப்பை எடுத்துத் தன் பையில் போட்டுப் பூட்டினாள். "பத்து நாள் முடியட்டும், தரேன்."

அன்று மாலை பார்க்க வந்த டிரைவர் அண்ணனின் கண்முன்னே அந்த டிக்கெட்டைக் கிழித்தாள்.

"கிழிச்சா என்னம்மா, போட்டோ எடுத்து டிப்போ குரூப்புல போட்டாச்சே," என்றார் அவர், இருமிக்கொண்டே.

அவள் கிழித்த துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"அது கிடக்கட்டும். உங்கக்கா போன மாசம் எங்கிட்ட நாலு மாத்திரை கைமாத்து வாங்கிச்சு. எப்போ திருப்பித் தருவீங்க?"