பன்னெண்டு தலையும் ஒரு வேனும்

புள்ளைங்களுக்கு ஊர் சுத்திக் காட்டுற தொழில்ல ஒரே ஒரு கணக்குதாங்க: ஏத்துனப்ப எத்தனை தலையோ, இறக்குறப்பயும் அத்தனை தலை இருக்கணும். நான் அஞ்சாவதோட ஸ்கூலுக்கு டாட்டா காட்டினவ. அதுக்கு மேல கணக்கு தெரியாது, தேவையும் படலை. இந்தப் பன்னெண்டை எண்ணி முடிக்கவே எனக்கு ஆயுசு பத்தலை.

ஸ்ரீரங்கத்துல ஒரு பிளே ஸ்கூல்ல நான் ஆயாம்மா. வயசு முப்பத்தெட்டு. வேலைக்குச் சேந்த அன்னிக்கே ஆயா ஆக்கிட்டாங்க, என் மாமியாருக்கு அதுல அவ்வளவு சந்தோஷம். மாசம் ஒரு சனிக்கிழமை, மூணரை வயசுலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் பன்னெண்டு உருப்படியை வேன்ல அள்ளிப் போட்டு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும். எங்க மேடம் வெளியூரு. அதனால "ஆயாம்மா, நீங்கதானே உள்ளூர், புள்ளைங்க பாக்குற மாதிரி என்ன இருக்கு?"ன்னு எங்கிட்டதான் கேப்பாங்க. வேன் ஓட்டுறது பாஷா பாய். வீட்ல ஒண்ணு ரெண்டை வச்சுக்கிட்டே "லீவு விட்டா எங்கடா கூட்டிட்டுப் போறது"ன்னு தலையில கை வச்சு உக்காந்திருக்கீங்களே, என் வயித்தெரிச்சலையும் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

கை ஒடஞ்ச சாமி

மொத மொதல்ல போனது மலைக்கோட்டைக்குக் கீழ இருக்கிற மகால் மியூசியம். வேனை விட்டு இறங்குறப்பவே பன்னெண்டு பேரையும் கையைப் பின்னாடி கட்டச் சொல்லிட்டேன். "எதையாச்சும் தொட்டீங்க, போலீஸ் வரும்"னு ஒரு பொய்யையும் எடுத்து விட்டேன். பாக்குறவங்களுக்கு ஏதோ கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரிதான் இருந்திருக்கும்.

உள்ள போனா எல்லாம் கல்லுச் சிலை. ஒண்ணுக்குக் கை இல்ல, ஒண்ணுக்கு மூக்கு இல்ல. எங்க ஜோயல் ஒரு சிலை முன்னாடி நின்னான். பாத்தான். உதடு துடிச்சுது. ஓன்னு கத்தினான் பாருங்க, "ஆயாம்மா, நான் ஒடைக்கலை! நான் ஒடைக்கலை!" இவன் அழுறதைப் பாத்து மிச்சம் பதினோரு பேரும் "நானும் ஒடைக்கலை"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம், நிசமாவே எவனாச்சும் கை வச்சுட்டானோன்னு. வாசல்ல இருந்த வாட்ச்மேன் அண்ணன் எழுந்து வந்தாரு. அவரு ஜோயல் பக்கத்துல குனிஞ்சு சொன்னாரு: "அழாத தம்பி, இது உங்க தாத்தாவுக்குத் தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே ஒடஞ்சது. உன் மேல கேஸ் வராது."

இருட்டுல ஒரு தலை கூட

அடுத்த மாசம் கோளரங்கம். வானம், நட்சத்திரம்னு சொன்னாங்க. லைட்டை அணைப்பாங்கன்னு ஒருத்தரும் சொல்லலை. பொசுக்குனு கும்மிருட்டு. மேல நட்சத்திரம் என்ன அழகுன்னு எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க. நான் எங்கேருந்து அண்ணாந்து பாக்குறது? இருட்டுல ஒண்ணு இறங்கி நடந்துச்சுன்னா?

தடவிப் பாத்துதான் எண்ணினேன். சீட்டு சீட்டா கையை விட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அப்பாடான்னு கையை எடுக்கப் போனா இன்னொரு தலை தட்டுப்படுது. பதிமூணு! முடியே இல்லாம மொழுமொழுன்னு இருக்கு. சமயபுரத்துல மொட்டை போட்ட புள்ளை எதுவும் நம்மகிட்ட இல்லையேன்னு மறுபடியும் நல்லா தடவினேன். இருட்டுக்குள்ளேருந்து ஒரு பெரிய மனுஷன் குரல் வந்துச்சு: "ஏம்மா, என்னையும் உங்க ஸ்கூல்ல சேத்துட்டீங்களா? வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

பாலத்து மேல

ஸ்ரீரங்கத்துலேருந்து திருச்சி டவுனுக்குப் போகணும்னா காவிரிப் பாலத்தைத் தாண்டணும். பாலத்துல வண்டி நின்னா நின்னதுதான். முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் வர முடியாது. அந்த இடம் பாத்துதான் ஒண்ணு வாயைத் திறக்கும், "ஆயாம்மா, ஒண்ணுக்கு." ஒண்ணு சொன்னாப் போதும், பன்னெண்டுக்கும் வந்துரும். அதனால பாலம் தாண்டுற வரைக்கும் தண்ணி பாட்டிலை எல்லாம் புடுங்கி என் சீட்டுக்கு அடியில வச்சுருவேன். என்னைக் கொடுமைக்காரின்னு நினைச்சாலும் பரவால்ல.

எங்க யதுவோட அம்மா சித்திரை வீதிக்காரங்க. யதுவுக்கு நாலு வயசு, ஒத்தப் புள்ளை. அவனை வேன்ல ஏத்துன நிமிஷத்துலேருந்து கால் மணிக்கு ஒரு தடவை போன் பண்ணுவாங்க. நல்ல மனுஷி, ஆனா அந்தப் போன் மணி கேட்டாலே எனக்குப் படபடன்னு வரும். அன்னிக்கு நடுப்பாலத்துல நிக்கிறோம். அஞ்சு பேரு காலைப் பின்னிக்கிட்டு நெளியுது. போன் அடிச்சுது. எடுத்தா, "ஆயாம்மா, வெயில் கொளுத்தறதே, கொழந்தைக்கு நெறைய தீர்த்தம் குடுங்கோ!"

ரயில் பின்னாடி ஓடினவ

ரயில் மியூசியத்துல குட்டி ரயில் ஒண்ணு உண்டு. ஏத்தி விட்டேன், ஒரு சுத்து வந்துச்சு, இறக்கினேன், எண்ணினேன். பதினொண்ணு. மறுபடி எண்ணினேன். பதினொண்ணு. பிரணவியைக் காணோம். திரும்பிப் பாத்தா ரயில் கிளம்பிப் போகுது. கடைசிப் பெட்டியில பிரணவி உக்காந்து எனக்கு டாட்டா காட்டுறா. பதினோரு பேரையும் பாய்கிட்ட தள்ளிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ரயில் பின்னாடியே ஓடினேன். சனம் பூரா செல்போன்ல படம் புடிக்குது. மூச்சு வாங்கி நடுவழியில நின்னப்ப பாஷா பாய் அங்கேருந்து கத்தினாரு: "அக்கா, அது வட்டமா ஓடுற ரயிலு! நின்ன இடத்துல நின்னா அதுவே உங்ககிட்ட வரும்!"

மஞ்சத் தொப்பி

அந்தப் படம் மேடம் செல்போனுக்கும் வந்துருச்சு. கூப்பிட்டு உக்கார வச்சாங்க. "ஆயாம்மா, இன்னொரு தடவை ஒரு புள்ளை குறைஞ்சா டூரும் கிடையாது, உங்களுக்கு வேலையும் கிடையாது." சொல்லிட்டுப் பெரிய கடைவீதியிலேருந்து பன்னெண்டு மஞ்சத் தொப்பி வாங்கிட்டு வந்தாங்க. எல்லாருக்கும் மாட்டிவிட்டா தூரத்துலேருந்தே தெரியும்ல. நல்ல யோசனைதான். நான்தான் அதைக் கெடுத்தேன். அன்னிக்கு மூஞ்சியைப் பாக்காம தொப்பியை எண்ணினேன்.

போனது வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. நம்ம ஸ்ரீரங்கத்து மேலூர்தான், பாலம் கூட தாண்ட வேண்டாம். வெளிய வர்றப்ப ஏகக் கூட்டம். வேன் படியில நின்னு ஏத்துறேன். பத்து தொப்பி, பதினொண்ணு, பன்னெண்டு. கதவைச் சாத்திட்டேன். பாய் கிளப்பிட்டாரு. பிஸ்கட் குடுத்துக்கிட்டே கடைசி சீட்டுக்கு வந்தா, ஒரு தொப்பி நிமிந்து பாத்துச்சு. முன்னப்பின்ன பாக்காத பையன். என்னைப் பாத்துக் கேக்குறான், "நீங்க யாரு?"

"நிறுத்துங்க பாய்"னு கத்தினேன். பாய் பிரேக் போட்டாரு. மூஞ்சி மூஞ்சியா பாத்தேன். யது இல்ல. சரியா அந்த நேரம் பாத்து போன் அடிக்குது. யதுவோட அம்மா. எடுக்கலைன்னா பயந்துருவாங்க. எடுத்தேன். "கொழந்தை என்ன பண்றான்?"னாங்க. "பூச்சி பாக்குறாம்மா"ன்னேன். என் குரல் எனக்கே வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு.

பாய் வேனைத் திருப்பின வேகத்துக்கு அவருக்கு விமானமே குடுக்கலாம். பூங்கா வாசல்ல ஒரு ஸ்கூல் பஸ் கிளம்பி நிக்குது. உள்ள பூரா மஞ்சத் தொப்பி! அதே கடைவீதித் தொப்பி. பாய் வேனைக் குறுக்க நிறுத்திட்டாரு. நான் இறங்கி ஓடி பஸ்ல ஏறினேன். அந்த டீச்சர் பொண்ணு சின்னப் பொண்ணு, பாவம், "இருபதும் சரியா இருக்கே"ங்குது. அதுவும் தொப்பியைத்தான் எண்ணியிருக்கு. ஜன்னலோரத்துல யது. யாரோட முறுக்கையோ தின்னுக்கிட்டு, "இந்த பஸ்ல ஏசி இருக்கு ஆயாம்மா, நான் இதுலயே வரேன்"ங்குறான். அவனை அள்ளித் தூக்கிக்கிட்டேன். அவங்க பையனை அவங்ககிட்ட விட்டேன். அந்தப் பொண்ணும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

வர்ற வழியெல்லாம் பாய் சொன்னாரு, "அக்கா, அல்லா காப்பாத்திட்டான். வாயைத் திறக்காதீங்க, உங்க வேலை போயிரும்." நானும் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஸ்கூல் வாசல்ல யதுவோட அம்மா நின்னாங்க. புள்ளையை வாங்கினதும் தலை, கை, காலுன்னு தடவிப் பாத்தாங்க. அதைப் பாத்ததும் எனக்குத் தாங்கலை. மேடம் உள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சும் எல்லாத்தையும் அவங்ககிட்ட கொட்டிட்டேன். பூச்சி பாக்குறான்னு சொன்னது பொய்யின்னும் சொன்னேன்.

அவங்க புள்ளையை இடுப்புல ஏத்திக்கிட்டாங்க. நான் செருப்பைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அப்புறம் அக்கம்பக்கம் பாத்துட்டு, என் காதுகிட்ட வந்து மெதுவா சொன்னாங்க: "போன வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல நானே இவனை அரை மணி தொலைச்சுட்டேன் ஆயாம்மா, எங்காத்துல இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்க மேடத்துகிட்ட சொல்ல வேண்டாம், நானும் சொல்லலை. அடுத்த மாசம் எங்கே அழைச்சுண்டு போறேள்?"

ஆக, லீவுக்குப் புள்ளையை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு ரொம்ப மண்டையை ஒடச்சுக்காதீங்க. அதுங்களுக்கு எந்த இடமும் வேடிக்கைதான், கூடப் போற நமக்குத்தான் எந்த இடமும் வயித்துல புளியைக் கரைக்கும்.