லூர்து அக்கா கடித்துப் பார்த்த இலைகள்

போன சனிக்கிழமை ஆயர் ஈத்தாம் டிராமில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டு, சங்கிலி போட்ட கடிகாரம். ஊரில் பெரிய துணிக்கடைக்குச் சொந்தக்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது.

நர்சரி கிராணி நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றேன். வாரா வாரம் பத்திரிகையின் இந்த மூலையில் நான் எழுதுவதைப் படிப்பவர்களுக்குத் தெரியும்... எழுத்து என் வயிற்றை நிரப்பவில்லை. நாற்று விற்கும் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலைதான் நிரப்புகிறது.

"மலையோரமா கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கேன், தம்பி. மானு வரணும். என்ன மரம் வைக்கலாம்?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த ஊரில் எல்லோரும் ரோஜாப் பதியன் கேட்டுத்தான் வருகிறார்கள். காட்டு விலங்கின் பசியை நினைத்து ஒரு மனிதர் மரம் கேட்கிறாரே! பையிலிருந்து பென்சிலை எடுத்து, டிராம் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

"வராந்தாவுல நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே சுடலாம்லா. காட்டுல அலையத் தேவையில்ல" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

பென்சில் நின்றது. நான் ஒன்றும் சைவப் பழம் அல்ல. நல்ல மிளகுக் கறி என்றால் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன். என் கையை நிறுத்தியது இரக்கம் இல்லை. லூர்து அக்கா.

நான்கு வருஷம் இருக்கும். இதே கேள்வியோடு சவரிமுத்து அண்ணன் நர்சரிக்கு வந்தார். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ரயில்வே வேலை, புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் காடு வரைக்கும் நீளும் நிலம். நல்ல வேட்டைக்காரர் என்று பெயர். ஆனால் அன்று வந்தவர் ஆறு மாதக் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி இருந்தார். கூடவே அவர் மனைவி. அவர்தான் லூர்து அக்கா. செம்மண் நிறச் சேலை, எலும்பு தெரியும் மணிக்கட்டு, எங்கேயும் நிற்காத கண்கள்.

அக்காவை வாசலில் விட்டுவிட்டு அண்ணன் என்னிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து காட்டுக்குப் போனாராம். கூட சே மாட் என்ற மலாய்க்காரக் கூட்டாளி. நிலத்தின் எல்லையிலேயே ஒரு மான் விழுந்தது. பெட்டை மான்.

மான் விழுந்தால் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக மலாய்க்காரர்கள் விடமாட்டார்கள். 'பாடி' என்று ஒன்று உண்டாம்... செத்த விலங்கின் உடம்பிலிருந்து கிளம்பி, கொன்றவன் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் தீட்டு. அறுப்பதற்கு முன்னால் இலைக்கொத்தால் உடம்பு முழுக்கத் தடவி அதை இறக்கிவிட வேண்டும். சே மாட் கிளையை ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நம் அண்ணன், நான் இப்போதுதான் பூசை பார்த்துவிட்டு வருகிறேன், எனக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரித்துவிட்டு மானைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

சமையற்கட்டில் அறுத்தது லூர்து அக்கா. வயிற்றுக்குள் குட்டி இருந்தது.

அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்தவர்தான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைத் தொடவில்லை. வேலியோரத்தில் நின்றுகொண்டு எதையாவது கிள்ளிக் கிள்ளி மெல்லுகிறார் என்றார் அண்ணன். டாக்டர் டானிக் கொடுத்தார். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தியாயிற்று. உடம்பு மட்டும் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் சே மாட்தான் ஒரு வழி சொல்லியிருக்கிறார். மான் விழுந்த இடத்தில் மானுக்கு ஆகாரம் நடு. மான் திரும்பி வந்து அங்கே தின்றால் இவளும் தின்பாள்.

"நான் இதெல்லாம் நம்புற ஆளில்ல, தம்பி. ஆனா அவ செத்துப்போயிடுவா போலிருக்கு. மானு திங்கிற மரமாப் பார்த்துக் குடு."

இப்போது உங்கள் கிராணியின் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். எனக்கு மான் என்றால் புள்ளிமான். அதையும் எங்கே பார்த்தேன்? காலண்டர் படத்தில்... சிவன் கையில். நர்சரியில் நம்மவர் வீடுகளுக்கென்று நாகப்பட்டினக் கப்பலில் விதை வரவழைத்து வளர்த்த கன்றுகள் நின்றன. இலந்தை எழுதினேன். அகத்தி எழுதினேன். சிவன் கையில் மான் இருக்கிறதே என்று வில்வமும் எழுதினேன். காட்டு மானுக்கு, அதுவும் வேதக்காரர் வீட்டு நிலத்தில், வில்வம் வைக்கச் சொன்ன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

நான் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தபோது லூர்து அக்கா கன்று வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்திருந்தார். சத்தமே இல்லாமல். இரண்டடி வைப்பார், நிற்பார், தலையைத் தூக்குவார், மறுபடி இரண்டடி. அகத்தி இலையைக் கிள்ளி வாயில் வைத்துத் துப்பினார். இலந்தையை முகர்ந்துவிட்டு விலகினார். வில்வத்தின் பக்கமே திரும்பவில்லை.

மூலையில் குப்பைக்குப் போக வேண்டிய ஒரு காட்டு அத்தி நின்றது. அதன் கொழுந்தை மென்று விழுங்கினார். அடுத்து மரவள்ளி. பச்சை மரவள்ளி இலை ஆட்டுக்கே ஆகாது. ஐயோ அக்கா, துப்புங்க என்று நான் ஓடுவதற்குள் ஒரு கொத்து உள்ளே போய்விட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் சாக்கடை ஓரத்தில் ஊதாப் பூவோடு முளைத்துக் கிடக்கும் களை, செண்டுடுக் என்று இங்கே சொல்வார்களே, அதன் பழத்தைப் பறித்துத் தின்றார். நிதானமாக, ஒரு செடி முழுக்க. திரும்பிப் பார்த்தபோது உதடும் பல்லும் கறுப்பாக இருந்தன.

அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். நர்சரிக்காரன் நானா, இந்த அம்மாவா? என் லிஸ்ட்படியே கன்றுகளை ஏற்றி அனுப்பினேன்.

ஐந்து மாதம் கழித்துச் சவரி அண்ணன் தனியாக வந்தார். நின்றபடியே பேசினார். ஒரு இலையைக்கூட மான் தொடவில்லை. அக்காவைக் கைத்தாங்கலாகத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. "நீயே வந்து பாரு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

படகேறி, ரயிலேறிப் போனேன். என் மரங்கள் அழகாக வளர்ந்திருந்தன. பாத்தியைச் சுற்றிக் குளம்புத் தடங்கள் நிறைய... எல்லாம் ஓரம் வரைக்கும் வந்து, வரிசையாக நின்று, திரும்பிப் போயிருந்தன. பசித்து வந்தவர்கள் இலையைப் பார்த்துவிட்டு எழுந்துபோன விருந்தைப் போட்டவன் நான்.

அப்போதுதான் சே மாட் எனக்கு மானைப் பற்றியே சொன்னார். இந்தக் காட்டில் இருப்பது கீஜாங். நம் பக்கத்தில் கேளையாடு என்பார்கள். ஆட்டைவிடச் சற்றுப் பெரிது, செம்மண் நிறம். ஆபத்தைக் கண்டால் நாய் குரைப்பதைப் போலக் குரைத்து மற்ற மான்களை எச்சரித்துவிடும். அது என்ன தின்னும் என்று கேட்டேன். காட்டு அத்தி, மரவள்ளிக் கொழுந்து, செண்டுடுக்... ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வீட்டைப் பார்த்தார். ஜன்னலில் லூர்து அக்கா நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரமே அக்கா கடித்ததையெல்லாம் கொண்டுபோய் நட்டோம். செண்டுடுக்கை வேரோடு பெயர்த்து, சாக்கில் கட்டி, ரயிலில் கொண்டுபோனேன். களையைச் சாக்கில் சுமக்கிறானே என்று டிக்கெட் பரிசோதகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மழைக்காலம் முடிந்து செண்டுடுக் காய்த்ததும் அண்ணன் ஆள் அனுப்பினார். போய் ஓர் இரவு தங்கினேன். விடிந்து, மலை முழுக்கப் பனி இறங்கியிருந்த நேரத்தில் அண்ணன் என்னை உலுக்கினார். பின்கதவு திறந்து கிடந்தது. அக்காவைக் காணோம். அந்த வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் புலித்தடம் பார்த்திருந்தார்கள். ஒரு வருஷமாகத் தொடாத துப்பாக்கியை அண்ணன் சுவரிலிருந்து எடுத்தார். பெண்டாட்டியைக் காப்பாற்றத்தான் எடுத்தார். அதை நான் எங்கேயும் சத்தியம் பண்ணுவேன்.

ஈர மண்ணில் அக்காவின் வெறுங்கால் தடம் தெரிந்தது. அதை ஒட்டியே குளம்புத் தடம். ஒன்றை ஒன்று மிதிக்காமல், பக்கத்தில் பக்கத்தில் நடந்துபோயிருந்தன. பாத்தியில் என் வில்வம் அப்படியே நின்றது. அதற்கு அந்தப் பக்கம் செண்டுடுக் புதர். கிளைகள் மொட்டையாக இருந்தன. இடுப்பு உயரத்தில் கடித்த வாய் ஒன்று. தோள் உயரத்தில் கடித்த வாய் இன்னொன்று.

புதர் அசைந்தது. பனிக்குள் செம்மண் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

இருபது வருஷப் பழக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறது? அண்ணனின் தோளுக்குத் துப்பாக்கி தானாக ஏறிவிட்டது. அக்காவின் சேலை நிறம் எனக்கு நினைவு வந்தது. வாயைத் திறந்தேன்.

புதருக்குள்ளிருந்து குரைப்பு வந்தது. ஒரே தடவை. கரகரவென்று, நெஞ்சைப் பிளந்துகொண்டு.

மான் பாய்ந்தது. குட்டியோடு ஒரு பெட்டை. இரண்டும் மலைப்பக்கம் ஏறி மறைந்தன. அவை குரைக்கவில்லை. சத்தம் வந்த இடத்தில் லூர்து அக்கா நின்றிருந்தார். கறுத்த வாய் இன்னும் திறந்தபடி இருந்தது. துப்பாக்கியின் குழல் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அண்ணன் துப்பாக்கியைப் போட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம். பிறகு புருஷனின் பக்கம் திரும்பினார். கண்கள் முதல் தடவையாக ஓரிடத்தில் நின்றன.

"போயிடுச்சா?" என்று கேட்டார்.

"போயிடுச்சு லூர்து. ரெண்டும் போயிடுச்சு" என்றார் அண்ணன், அழுதுகொண்டே.

அன்று மத்தியானம் அக்கா இரண்டு தட்டுக் கஞ்சி குடித்தார். அண்ணன் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அக்கா இப்போது சமைக்கிறார், பேசுகிறார், என்னைக் கண்டால் தம்பி சாப்பிட்டியா என்கிறார். ஆனால் செண்டுடுக் பழுக்கிற மாதங்களில் காலையில் அவர் வாய் கறுத்திருக்கிறது. அண்ணன் எதுவும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. எப்போதாவது இருவரும் நர்சரிக்கு வந்தால் அக்கா வரிசைகளுக்கு நடுவே நடக்கிறார்... இரண்டடி வைத்து, நின்று, தலையைத் தூக்கி. அந்த நேரத்தில் நான் பேனாவைக்கூடக் கீழே வைப்பதில்லை, சத்தம் கேட்குமே.

சரி, டிராமில் மரம் கேட்டவருக்கு என்ன சொன்னேன்? வீட்டு விலாசத்தை எழுதிக்கொடுங்கள், பட்டியலை அனுப்பிவைக்கிறேன் என்றேன். அனுப்பிவிட்டேன். இலந்தை, அகத்தி, வில்வம்.

வராந்தாவில் உட்கார்ந்து அவர் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.