கற்பிட்டிப் புளியின் முதல் காய்

"ஐயோ தம்பி, அங்க ஊத்தாதீங்க!"

இலங்கையின் கற்பிட்டிக் கரையில் ஒரு கிழட்டுப் புளியமரத்தின் அடியில் நிற்கிறேன். மீன் பையில் உருகிய ஐஸ் தண்ணீரைக் கொட்டப்போன என் கையை, கருவாடு காயவைக்கும் ஜெசிந்தா அக்கா எட்டிப் பிடிக்கிறார்.

"நாங்களும் இப்பிடித்தான். சண்டை முடிஞ்சு மீன் கூடுதலா வந்ததும், நிழல் இருக்கெண்டு இதிலயே கழுவி உப்புத்தண்ணியெல்லாம் வேரில ஊத்தினம். பாதி மரம் பட்டுப்போச்சு. வெட்டித் தறிக்கவும் ஆள் வந்திட்டுது."

"பிறகு?"

"நாங்க விடேல்ல. வெங்காயத் தோட்டத்து முஸ்லிம் அண்ணன், நானா எண்டுதான் கூப்பிடுவம், பைப் இழுத்துத் தந்தார். ரெண்டு வருசம் நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவினம்."

சாய்ந்த பெருங்கிளையை உடைந்த வள்ளத்தின் மரம் ஒன்று தாங்கி நிற்கிறது. பட்ட கொம்புகளுக்கு நடுவே தளிர் பளபளக்கிறது. பெண்கள் மீன் கூடைகளோடு சுடுமணலில் நடந்துபோய்க் கடலோரத்தில் கழுவுகிறார்கள்.

அக்கா ஒரு காயை ஒடித்து நீட்டுகிறார். "இந்த வருசம்தான் திரும்பக் காய்ச்சது. கடிச்சுப் பாருங்க."

கடிக்கிறேன். பல் கூசி, கண் இறுகி, முகம் கோணிப்போகிறது.

"உப்புக் கரிக்குதா?"

வாய் திறக்க முடியவில்லை. இல்லையென்று தலையை ஆட்டுகிறேன். பார்த்துநின்ற பெண்கள் கூடைகளைக் கீழே போட்டுவிட, கரையே கைதட்டுகிறது.